முப்பது வருஷம் சுழலாத குடில்

2023 நவம்பர் கடைசி வாரத்தில், இரண்டு சந்து தள்ளி இருக்கும் பெரியம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரங்கூன் தாம்வேயில், வீட்டு முன்னறையில்தான் என் வேலை மேசை. ரேடியோ, சார்ஜ் லைட், இன்வெர்ட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். டப்பாவுக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய மூன்று பொருள்கள் இருந்தன. எல்லாம் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் மின்சாரப் பொம்மைகள்: ஒரு குடில், பாட்டுப் பாடும் ஒரு மணி, ஒரு நட்சத்திரம். கூடவே ஒரு பச்சை வயர்ச் சுருள். அதில் வரிசையாகக் கறுத்துப்போன சின்னச் சின்ன பல்புகள்.

"தம்பி, இந்தக் குடில் சுத்துமாம்பா. எங்க வீட்டுல யாரும் பார்த்ததில்லை. ஓட வைக்க முடியுமா பாரேன்" என்றார்.

அந்தக் குடிலைச் சரிசெய்த கதையை முழுசாக எழுதி வைக்கிறேன். இப்படி வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரே ராத்திரியில் அணைந்து, தூக்கிப் போட மனசில்லாமல் பரணில் கிடக்கும் பொருள்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றில் பல உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. அவற்றுக்கு எந்தச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

டப்பாவின் கதை

பழுது பார்ப்பதற்கு முன் பொருளின் கதையைக் கேட்டுவிடுவது என் வழக்கம். பாதிப் பழுது அதிலேயே தெரிந்துவிடும். பெரியம்மா சொன்னது இது. அவருடைய தம்பி அமெரிக்காவில் இருந்தார். 1993இல் ஊருக்கு வந்த ஒருவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி, பூசைக்குக் கிளம்பும் முன், விளக்குச் சரத்தை மரத்தில் சுற்றி, குடிலை அதில் செருகி, தட்டைக் கம்பி பிளக்குக்கு ஒரு அடாப்டர் வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். சரம் முழுக்கப் பகல் மாதிரி வெள்ளையாக எரிந்ததாம்.

"எவ்வளவு நேரம் பெரியம்மா எரிஞ்சது?"

"ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம்தான் இருக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா டப்பு டப்புனு போயிடுச்சு."

எல்லோரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் குடில் சுற்றியதா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் "நல்லா இருக்கு, எல்லாரும் எங்க வாங்கினதுனு கேட்டாங்க" என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் குடிலை மரத்தில் தொங்கவிட்டார்கள், விளக்கு இல்லாமல். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரைத் தகரம் பறந்தபோது பெட்டி முழுதும் நனைந்தது. வெயிலில் காயவைத்து மறுபடி எடுத்து வைத்தார்கள். தம்பி 2022இல் அமெரிக்காவிலேயே இறந்துபோனார். கடைசிவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது பெரியம்மா குடிலின் கூரையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையில் எனக்கு வேண்டிய மூன்று தடயங்கள் இருந்தன: அமெரிக்கா, வெள்ளை வெளிச்சம், நர்கிஸ். ஆனால் அன்றைக்கு நான் மூன்றாவதை மட்டும்தான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எடுத்த தவறான முடிவு

குடில் உள்ளங்கையில் அடங்கும். வைக்கோல் கூரை, உள்ளே மாதா, சூசையப்பர், பாலன். முன்னால் ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பில் மூன்று ராஜாக்களும் இரண்டு ஒட்டகங்களும். பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய பச்சை வயர், அதன் நுனியில் சர பல்பின் அடிப்பாகம் மாதிரி ஒரு சின்னச் செருகி. பேட்டரி போடும் இடம் எங்கும் கிடையாது. அடியில் ஒட்டியிருந்த தாளில் '3.5 வோல்ட்' என்பது மட்டும் அழியாமல் இருந்தது.

3.5 வோல்ட்தானே என்று இரண்டு ஏஏ செல்களைச் சேர்த்து 3 வோல்ட்டைச் செருகியின் இரண்டு கம்பிகளிலும் வைத்துப் பார்த்தேன். வெளிச்சமும் இல்லை, அசைவும் இல்லை. காதருகே வைத்துக் கேட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. நர்கிஸில் நனைந்த பொருள், உள்ளே மோட்டார் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து, "பல்பு போயிடுச்சு, மோட்டாரும் போயிருக்கும் பெரியம்மா, வேற மோட்டார் கிடைக்குதான்னு பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியாக அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வாடியதைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது.

மறுநாள் காலையில் திறந்தேன். திறப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. ஸ்குரூ எதுவும் கண்ணில் படவில்லை. இந்த மாதிரிப் பொம்மைகளில் ஸ்குரூவை ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒளித்திருப்பார்கள், அல்லது கொக்கி வைத்து அழுத்திப் பூட்டியிருப்பார்கள், இல்லையென்றால் பசைதான். தாளின் மேல் விரலால் அழுத்திப் பார்த்தால் ஸ்குரூக் குழி பள்ளமாகத் தட்டுப்படும். இதில் பள்ளம் இல்லை, பசைதான். முடி உலர்த்தும் மெஷினைத் தூரத்தில் பிடித்துச் சூடு காட்டி, மூங்கில் சிம்பை நகம் மாதிரி சீவி, இடுக்கில் விட்டு மெல்ல மெல்ல நகர்த்தினேன். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் முப்பது வயதுப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். மூங்கில் என்றால் அது வளைந்துகொடுக்கும், பிளாஸ்டிக்குக்குக் காயம் படாது.

உள்ளே பார்த்தது இது. நெல் மணி அளவில் இரண்டு பல்புகள், வயர் உள்ளே வந்ததும் அதன் குறுக்கே இணையாக இருந்தன. இரண்டும் உள்ளே கறுத்து, இழை அறுந்திருந்தது. அதற்கு அடுத்து ஒரு சின்ன போர்டு. அதில் பிரிட்ஜாக இணைத்த நாலு டயோடுகள் (மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட்டை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குபவை), அந்தக் கரண்ட்டைச் சீராக்கும் ஒரு கண்டன்சர். அதிலிருந்து பல்சக்கரப் பெட்டியோடு ஒரு குட்டி மோட்டார். கண்டன்சரின் தலை உப்பி, அடியில் கசிந்து, போர்டில் பச்சைக் கறை படிந்திருந்தது. மல்டிமீட்டரில் மோட்டாரை அளந்தேன்: 22 ஓம். மோட்டார் உயிரோடு இருக்கிறது! நான் அடக்கம் பண்ணிய மோட்டார்.

அப்படியானால் ஏன் அசையவில்லை? டயோடுகளைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. பிரிட்ஜ் வழியாகப் போகும் கரண்ட் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். நான் கொடுத்த 3 வோல்ட்டில் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 1.6தான். முப்பது வருஷம் சும்மா கிடந்து, கிரீஸ் கெட்டிப்பட்ட மோட்டாரை அது எப்படி எழுப்பும்?

ஒரு பல்பின் இடத்தில் உட்கார வந்த பொருள்

இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இதுதான் முழுப் பழுதின் சூட்சுமம்.

அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட். அங்கே மரத்தில் சுற்றும் சின்ன பல்புச் சரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். சரத்தில் 50 பல்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ட் கிடைக்கும், 35 பல்பு என்றால் 3.4 வோல்ட். 1980களிலும் 1990களிலும் வந்த மின்சாரத் தொங்கல் பொம்மைகள் பலவற்றில் பேட்டரி கிடையாது. சரத்தில் ஒரு பல்பைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் பொம்மையைச் செருக வேண்டும். அமெரிக்காவின் ஹால்மார்க் நிறுவனம் 1991இல் வெளியிட்ட, 'ஸ்டார் டிரெக்' தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலப் பொம்மை இதே முறையில் வேலை செய்வது. அதை இன்றைக்கும் தேடிப் பிடித்துச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியம்மாவின் குடிலில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, ஆனால் முறை அதேதான். பல்பு சாக்கெட்டில் 3.4 வோல்ட் ஏசி கிடைக்கும். ஏசி அலை மாதிரி ஏறி இறங்குவது, அதன் உச்சம் 4.8. பிரிட்ஜ் 1.4ஐ எடுத்துக்கொண்டால் மோட்டாருக்கு மிச்சம் சுமார் 3.4. கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

பல்புகளை பிரிட்ஜுக்கு முன்னால் வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. தொடர்ச் சரத்தில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை மற்ற பல்புகள்தான் தீர்மானிக்கும். அதே கரண்ட் இந்தப் பொம்மை வழியாகவும் போயாக வேண்டும். மோட்டார் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மீதியைக் குடிக்க இந்த இரண்டு பல்புகள். அவை போய்விட்டால் மோட்டார் பக்கம் வோல்ட் ஏறும். அந்தக் கண்டன்சர் உப்பியதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இப்போது 1993 ராத்திரிக்கு வருவோம். நம் ஊரில் 230 வோல்ட். அதைப் பெரியம்மாவின் சரத்தில் இருந்த 35 பல்புகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 6.6 வோல்ட், ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம். இன்னொன்றும் உண்டு. இந்தச் சர பல்புகளுக்குள் இழைக்கு அடியில் இரண்டு காலையும் சுற்றி ஒரு நுண்கம்பி இருக்கும். அதன் மேல் கரண்ட்டைத் தடுக்கும் மெல்லிய படலம். ஒரு பல்பின் இழை அறுந்தால் முழு வோல்ட்டேஜும் அந்த இடத்தில் வந்து நிற்கும். அதில் படலம் உடைந்து நுண்கம்பி பாலமாகிவிடும், சரம் தொடர்ந்து எரியும். ஒரு பல்பு போனாலும் மரம் இருட்டாகாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் இரட்டிப்பு வோல்ட்டில் அதுவே எமனாகிவிடும். ஒரு பல்பு போனதும் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும், அடுத்தது போகும், இன்னும் ஏறும். பெரியம்மா சொன்ன "டப்பு டப்பு" இதுதான்.

சரத்தின் பிளக்குக்குள் சின்ன பியூஸ் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை என்று பெரியம்மாவின் பேரன் கேட்டான். பத்தாம் வகுப்புப் பையன், நல்ல கேள்வி. திறந்து பார்த்தேன், பியூஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன. பியூஸ் கரண்ட்டைத்தான் பார்க்கும், வோல்ட்டைப் பார்க்காது. அந்தச் சரத்தில் ஓடியது அரை ஆம்பியர்கூட இராது. 3 ஆம்பியர் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆக, நர்கிஸ் மழை இந்தக் குடிலை ஒன்றும் செய்யவில்லை. முதல் ராத்திரியிலேயே நடந்து முடிந்த விஷயம் இது.

எதைச் செய்யக் கூடாது என்று முடிவு செய்தது

230ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் ரங்கூனில் கிடைக்கும். இன்னொரு அமெரிக்கச் சரத்தை எங்கிருந்தாவது வரவழைத்து, பழையபடியே ஓட்டலாமே என்று தோன்றும். நான் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சாக்கெட்டில் 3.4 வோல்ட்தான் இருக்கிறது என்பது அதன் இரண்டு கால்களுக்கு நடுவில் மட்டும் உண்மை. சரத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, தரையிலிருந்து பார்த்தால் அந்தக் காலில் முழு மெயின் கரண்ட்டும் நிற்கலாம். குடிலின் வயரோ மடித்த இடங்களில் வெடித்துச் செம்பு தெரிந்தது. மரத்தைச் சுற்றிக் குழந்தைகள் கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. பொம்மையின் வயரைத் தொடும் கரண்ட் 5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

அந்த 5 வோல்ட்தான் எனக்கு வழியையும் காட்டியது. போன் சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட். அதைக் குடிலின் பழைய செருகியில் அப்படியே கொடுத்தால், பிரிட்ஜ் 1.4ஐ எடுத்துக்கொண்டு மோட்டாருக்கு 3.6ஐ விடும். அமெரிக்கச் சரத்தில் அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய அளவுக்கு மிக அருகில். பிரிட்ஜ் இருப்பதால் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான். அதாவது குடிலின் வயரிங்கில் எதையும் வெட்ட வேண்டாம். செருகுவதற்கு ஒரு சாக்கெட் மட்டும் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே மேசையைப் பார்த்தால், செத்துப்போன சரத்தில் 35 சாக்கெட்டுகள் கிடக்கின்றன!

ஒன்றை இருபுறமும் வயரோடு வெட்டி, யுஎஸ்பி கேபிளின் சிவப்பு, கறுப்பு வயர்களோடு பற்றவைத்தேன். வெட்டிய சரத்தை இனி யாரும் சுவரில் செருகிவிடாதபடி அதன் பிளக்கையும் வெட்டி எறிந்தேன்.

உள்வேலை

உப்பிய கண்டன்சரைக் கழற்ற ஈயம் சூடேற்றியபோது கருவாட்டு வாசனை வந்தது. கசிந்த கண்டன்சருக்கு அந்த வாசனை வழக்கம். போர்டில் படிந்த பச்சையைச் சுருட்டிய பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அது நிறம் மாறாமல் வரும்வரை துடைத்தேன். பழையது 100 மைக்ரோபேரட், 10 வோல்ட். புதிதாக அதே 100, ஆனால் 16 வோல்ட் தாங்குவது. வெடித்த வயரை முழுதும் மாற்றினேன், செருகியை மட்டும் பழையதே வைத்துக்கொண்டேன்.

அழுக்கைக் கரைக்க ஸ்பிரிட்டைத் தவிர வேறு ரசாயனம் எதையும் இந்தப் பொம்மைகளில் தொடவிடாதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம், தின்னர், பெட்ரோல் எல்லாம் இந்த வகைப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஸ்பிரிட்டும் போர்டுக்கும் உலோகத்துக்கும்தான், வர்ணம் பூசிய முகங்களுக்கு அல்ல.

பல்சக்கரப் பெட்டியில் நாலு சக்கரங்கள். கிரீஸ் காய்ந்து, உறைந்த மெழுகு மாதிரி பல்லிடுக்கெல்லாம் அடைத்திருந்தது. குண்டூசி முனையால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி எடுத்தேன். பித்தளை அச்சில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் காலப்போக்கில் சுருங்கி, நடுவில் விரிசல் விடும். அப்படி விட்டிருந்தால் வேலை பெரிதாகியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நாலும் முழுசாக இருந்தன. தையல் மிஷின் எண்ணெயை ஊசி நுனியில் தொட்டு, உலோக அச்சு உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் தூசியைக் கூட்டிச் சேர்க்கும்.

சாக்கெட்டில் செருகினேன். தட்டு ஒரு தடவை துள்ளி நின்றது. விரலால் ஒரு சிறு தள்ளு. அப்புறம் அது தானாக நகர ஆரம்பித்தது, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு விநாடி. மோட்டார் எடுத்தது 30 மில்லிஆம்பியர்.

நான் சந்தோஷமாகப் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ராஜாக்கள் ஏன் பின்னாடி நடக்கிறாங்க?" என்றான். உண்மைதான். ஒட்டகத்தின் வால் முன்னால் போக, ராஜாக்கள் பாலனைவிட்டு விலகி, முதுகுப்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். கண்டன்சரை மாற்றும்போது மோட்டாரின் இரண்டு வயர்களையும் கழற்றினேன், திரும்ப வைக்கும்போது இடம் மாறிவிட்டது. பிரிட்ஜுக்கு முன்னால் எப்படி மாட்டினாலும் ஒன்றுதான் என்ற தைரியத்தில், பிரிட்ஜுக்குப் பின்னால் அப்படி இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்டேன். கழற்றும் முன் எந்த வயர் எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு படிக்கும் எடுக்கிறேன்.

வெளிச்சம்

வெளிச்சத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. நெல் மணி பல்புகள் கிடைக்கவில்லை. டவுனில் பழைய சூர்த்தி பஜார் பக்கம் போய் அலைந்து வெள்ளை எல்இடி வாங்கி வந்தேன். இனி இது தொடர்ச் சரத்தில் உட்காரப்போவதில்லை, அதனால் கரண்ட்டைக் குடிக்க பல்பு தேவையில்லை, எல்இடி தாராளமாகப் போடலாம். பிரிட்ஜுக்குப் பின்னால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 47 ஓம் ரெசிஸ்டர் வைத்து, 10 மில்லிஆம்பியர் ஓடும்படி போட்டேன். என் கண்ணுக்குப் பிரமாதமாக இருந்தது.

பெரியம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கேப்பா" என்றார்.

அசல் வெளிச்சம் எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் எங்களுக்கு ஆள் இல்லை. ஆனால் குடில் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் கத்தரித்து, செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். நர்கிஸில் நனையாமல் தப்பியது அது ஒன்றுதான். படத்தில் குடிலுக்குள் அகல் விளக்கு மாதிரி மஞ்சள் வெளிச்சம். கூரைக்கு அடியில் இருட்டு, பாலன் முகத்தில் மட்டும் ஒளி. அதை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். மஞ்சள் சாயல் கொண்ட எல்இடி இரண்டு, ரெசிஸ்டரை 150 ஓமாக ஏற்றியதில் கரண்ட் 5 மில்லிஆம்பியருக்குள் வந்தது. அப்படியும் ஒளி ஊசி மாதிரி குத்தியது. எல்இடியின் முனையை நைசான உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினேன். ஒன்றை நேராகப் பாலனைப் பார்க்காமல், பின்சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அந்தப் படத்தில் இருந்தது. இந்த முறை பெரியம்மா அட்டையையும் குடிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பழுது பார்ப்பவனின் மீட்டர் சொல்வது பாதிதான். பொருளுக்குச் சொந்தக்காரரின் கண் சரி என்று சொல்லும்வரை வேலை முடியவில்லை என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன்.

கரண்ட் போனால்?

ரங்கூனில் இந்தக் கேள்வி இல்லாமல் எதையும் முடிக்க முடியாது. சில மணி நேரம் கரண்ட் வரும், சில மணி நேரம் போகும். கிறிஸ்துமஸ் ராத்திரி எந்தப் பக்கம் விழும் என்று யார் கண்டது? பவர் பேங்க்கில் மாட்டிப் பார்த்தேன். அரை நிமிஷம் சுற்றிவிட்டு நின்றது. குடில் எடுப்பது மொத்தமே 40 மில்லிஆம்பியர். இவ்வளவு குறைவாக எடுத்தால் நிறைய பவர் பேங்குகள் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். அது பழுது அல்ல, அதன் குணம்.

அதனால் நாலு செல் போடும் பெட்டி ஒன்றை இன்னொரு சாக்கெட்டோடு சேர்த்தேன். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒன்று 1.2 வோல்ட், நாலும் சேர்ந்து 4.8. கிட்டத்தட்ட அதே 5 வோல்ட். 2000 மில்லிஆம்பியர்-மணி செல் என்றால் 50 மணி நேரம் தாங்கும். சாதாரண ஆல்கலைன் செல் நாலு போட வேண்டாம் என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டினேன். அது 6 வோல்ட் ஆகிவிடும், ராஜாக்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், மோட்டாருக்கும் ஆயுசு குறையும்.

மற்ற இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. மணிக்குள் மூன்று கால் வைத்த யூஎம்66 பாட்டுச் சில்லு. பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், உள்ளே 64 சுரங்கள். 3 வோல்ட் போதும். சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொத்தான் செல் இரண்டு கசிந்து, தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது அமிலத்துக்கு எதிரான காரம், அதனால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்து நுரை அடங்கியதும் ஸ்பிரிட்டில் துடைத்து, தகட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன். புது செல் போட்டதும் பாடியது. அதன் செல் மூடியில் ஸ்குரூ தொலைந்திருந்தது. வேறு ஸ்குரூ தேடிப் போடாமல் நான் அதைத் திருப்பித் தரவில்லை. பொத்தான் செல்லைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நட்சத்திரத்தில் ஒரு ஈயப் பற்றுதான் விட்டிருந்தது, பத்து நிமிஷ வேலை.

அந்த ராத்திரியும் அதற்குப் பிறகும்

24ஆம் தேதி பூசை முடிந்து பெரியம்மா வீட்டுக்குப் போனபோது கரண்ட் இல்லை. சந்து முழுதும் இருட்டு. படியேறும்போதே சன்னல் வழியாக அந்த மஞ்சள் தெரிந்தது. அறையில் வேறு வெளிச்சம் இல்லாததால் ராஜாக்களின் நிழல் சுவரில் பெரிசாக விழுந்து, மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதை நான் மேசையில் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை, பகல் வெளிச்சத்திலேயே சோதித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா நாற்காலியை மரத்துக்கு நேராகப் போட்டு, மடியில் தம்பியின் போட்டோவை, முகம் குடிலைப் பார்க்கும்படி, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. பேரன் லப்பெயே (பர்மிய டீ) கொண்டுவந்து கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

2024 மழைக்காலம் முடிந்து மறுபடி எடுத்தபோது ஒரு சின்னப் பிரச்சினை. செல்களைக் கழற்றாமலே டப்பாவில் போட்டுவிட்டார்கள், இங்கத்து ஈரத்தில் ஸ்பிரிங் துருவேறியிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினேன். இப்போது செல்கள் தனியாக, குடில் தனியாக, மருந்து புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் இருக்கிறது. மோட்டார் இன்னும் அதே 30 மில்லிஆம்பியர்தான் எடுக்கிறது, அதாவது உள்ளே இறுக்கம் கூடவில்லை. ஒரு ராஜாவின் மகுடத்தில் வர்ணம் உதிர்ந்திருக்கிறது. பூசிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "அது என் மவ சின்னப் புள்ளையில கடிச்சது, இருக்கட்டும்" என்றார் பெரியம்மா.

விஷயம் கோயிலில் பரவி, இதே மாதிரி செருகி வைத்த பொம்மைகளோடு மூன்று பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒன்று கறுத்த சரத்தோடு சேர்த்தே வந்தது. அந்தச் சரத்தையும் தூக்கிப் போடாமல் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெரியம்மாவின் சரத்தில் இன்னும் முப்பது சாக்கெட் மிச்சம் இருக்கிறது.